புற்றுநோயையும் நரம்பு மண்டல வளர்ச்சியையும் ஒரே ஆய்வகத்தில் ஆராய்வது ஏன்?

மூலக்கூறு மரபியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர் ஒருவர், பல ஆய்வகங்கள் புற்றுநோயையும் நரம்பு மண்டல வளர்ச்சியையும் சேர்த்தே தங்கள் ஆய்வுத் துறையாகக் குறிப்பிடுவதைக் கவனித்திருக்கிறார். கருவில் மூளை உருவாவதற்கும் வளர்ந்தவர்களின் குடலிலோ மார்பகத்திலோ கட்டி தோன்றுவதற்கும் என்ன தொடர்பு, ஆய்வு நிதிக்காக இரண்டு தலைப்புகளை ஒட்டவைத்திருக்கிறார்களா என்பது அவருடைய கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த இணைப்பை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. இரு துறையினரும் தனித்தனியே தேடிச் சென்று, மீண்டும் மீண்டும் ஒரே மரபணுவின் முன் வந்து நின்றதால் அது தானாக நேர்ந்தது.

ஒரு செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது பிரிவதை நிறுத்த வேண்டும், எத்திசையில் நகர வேண்டும், எந்த வகைச் செல்லாக முதிர வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் உடலில் அளவற்று இல்லை. இருக்கும் சில சமிக்ஞைப் பாதைகளையே, அதாவது ஒரு செய்தியைச் செல்லுக்குள் கைமாற்றிக் கடத்தும் புரதத் தொடர்களையே, உடல் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு பருவங்களிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அவற்றை மிகச் செறிவாகவும் மிகத் துல்லியமான கால ஒழுங்குடனும் பயன்படுத்துவது வளரும் நரம்பு மண்டலம். அதே பாதைகள் தவறான செல்லில், தவறான காலத்தில் அணையாமல் எரிவதைத்தான் பல புற்றுநோய்களில் காண்கிறோம்.

இதற்கு நான் முதலில் சொல்வது நரம்பு வளர்ச்சிக் காரணியின் வரலாறு, ஏனெனில் அதில் புற்றுநோயும் நரம்பியலும் இரண்டு முறை இடம் மாறிக்கொள்கின்றன. 1948-இல் எல்மர் பியூக்கர் சுண்டெலியின் சார்கோமா கட்டித் துண்டு ஒன்றைக் கோழிக் கருவில் பதித்தபோது, கருவின் உணர்வு நரம்பிழைகள் அந்தக் கட்டிக்குள் அடர்ந்து வளர்ந்ததைக் கண்டார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கருவியலாளர் விக்டர் ஹாம்பர்கருடன் பணியாற்றிவந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். கட்டி கருவின் உடலைத் தொடாமல் வெளிச்சவ்வின் மீது வைக்கப்பட்டிருந்தாலும் கருவின் நரம்பு முடிச்சுகள் பெருத்தன. ஆகவே கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கரைந்து பரவுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஸ்டான்லி கோஹென் அப்பொருளைப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார். 1986-இல் லெவி-மொண்டால்சினியும் கோஹெனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நரம்பியலின் அடிப்படையான மூலக்கூறுகளுள் ஒன்று இப்படி ஒரு புற்றுக்கட்டியின் வழியாக வெளிப்பட்டது.

அதே 1986-இல் மரியானோ பார்பசிட்டின் குழுவினர் மனிதப் பெருங்குடல் கட்டி ஒன்றிலிருந்து புற்றைத் தூண்டும் மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்து, அதற்கு டிரக் என்று பெயரிட்டனர். அது இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டியதால் உருவானது. ஒரு பாதி டிரோபோமயோசின் என்னும் தசைப்புரதத்தைச் சேர்ந்தது. மறுபாதி செல்லின் மேற்பரப்பில் இருந்து வெளிச்செய்தியைப் பெறும் புரதமான ஏதோ ஓர் ஏற்பியின் கைனேஸ் பகுதி, அதாவது பிற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றிச் சமிக்ஞையைக் கடத்தும் பகுதி. அந்த ஏற்பி இயல்பான உடலில் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு 1991-இல் விடை கிடைத்தது: நரம்பு வளர்ச்சிக் காரணி வந்து பிணையும் ஏற்பி அதுவே. லெவி-மொண்டால்சினியின் புரதத்துக்கு நரம்பியலாளர்கள் நெடுங்காலமாகத் தேடிவந்த ஏற்பி ஒரு குடல் கட்டிக்குள் உடைந்த நிலையில் இருந்தது. இயல்பான ஏற்பிகள் வெளியிலிருந்து காரணி வந்தால்தான் இணையிணையாகச் சேர்ந்து செயல்படத் தொடங்கும். டிரோபோமயோசினின் சுருள் பகுதி ஒட்டிக்கொண்டால் காரணி வராமலேயே அவை இணைந்து, ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும்.

இந்த வரலாறு அத்துடன் முடியவில்லை. இதே ஏற்பியின் மரபணு இரு பிரதிகளிலும் செயலிழந்து பிறக்கும் குழந்தைகளுக்கு வலியே தெரிவதில்லை, வியர்வையும் சுரப்பதில்லை. வலியை உணரும் நியூரான்களும் வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் பரிவு நரம்புகளும் கருவில் உயிர்பிழைக்க அந்த ஏற்பி இன்றியமையாதது என்பதே காரணம். இது 1996-இல் தெளிவாயிற்று. மறுபுறம், டிரக் குடும்ப மரபணுக்கள் இவ்வாறு வேறு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட கட்டிகளுக்கு எதிரான லாரோட்ரெக்டினிப் என்ற மருந்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 நவம்பரில் அனுமதித்தது. கட்டி எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாராமல், மரபணுவில் என்ன பழுது இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து இம்மருந்து தரப்படுகிறது. இதை உட்கொள்ளும் சிலருக்குத் தலைச்சுற்றலும் உடல் எடை கூடுதலும் ஏற்படுவது தற்செயல் அன்று. நலமான நியூரான்களிலும் அக்குடும்ப ஏற்பிகள் பணியாற்றிக்கொண்டிருக்கின்றன. மருந்து அவற்றையும் தடுக்கிறது.

'புற்றுநோய் மரபணு' என்ற சொல்லை வகுப்பில் நான் இயன்றவரை தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். புற்றை உண்டாக்குவதற்கென்று உடலில் எந்த மரபணுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு மரபணு முதலில் எங்கே கண்ணில் பட்டதோ அதைக் கொண்டு பெயர் சூட்டிவிடுகிறோம். பிறகு அந்தப் பெயரே நம் பார்வையைக் குறுக்கிவிடுகிறது. 1982-இல் ரோல் நுஸும் ஹரால்ட் வார்மஸும் சுண்டெலியின் மார்பகக் கட்டிகளில் ஒரு வைரஸ் எங்கே போய்ச் செருகிக்கொள்கிறது என்று தேடி, இன்ட்-1 என்ற மரபணுவைக் கண்டனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, பழ ஈக்களில் விங்லெஸ் என்று முன்பே அறியப்பட்டிருந்த வளர்ச்சி மரபணுவும் இதுவும் ஒன்றே என்பது தெரிந்தது. அந்த இரு பெயர்களையும் இணைத்து உருவானதே இன்று எல்லாரும் சொல்லும் விண்ட் என்ற பெயர். மார்பகக் கட்டியில் கண்ட அந்த மரபணுவைச் சுண்டெலிகளில் நீக்கினால் மார்பகத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்கவே இயலவில்லை, ஏனெனில் 1990-இல் அவ்வாறு உருவாக்கப்பட்ட கருக்களில் நடுமூளையும் சிறுமூளையும் பெரும்பாலும் உருவாகாமலே போயின. அதே 1990-இல் பெருங்குடல் புற்றில் இழக்கப்படும் மரபணு என்று பெயர் சூட்டப்பட்ட டி.சி.சி.யும் இத்தகையதே. முதுகுத்தண்டில் நரம்பிழைகள் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் செல்ல வழிகாட்டும் நெட்ரின் புரதத்துக்கு அது ஏற்பி என்று பின்னர் அறியப்பட்டது. அதில் பழுதுள்ள சிலருக்கு வலக்கையை அசைத்தால் இடக்கையும் தன்னை அறியாமல் அதேபோல் அசைகிறது.

ஹெர்-2 என்ற பெயரை மார்பகப் புற்றுடன் சேர்த்தே பலரும் அறிந்திருப்பர். செல் மேற்பரப்பு ஏற்பி ஒன்றின் மரபணுவான அதன் முதற்பெயர் நியு. கருவுற்ற எலிகளுக்கு எத்தில்நைட்ரோசோயூரியா என்ற வேதிப்பொருளைக் கொடுத்தபோது தாய்க்குப் பெரும் கேடு நேராமல், பிறந்த குட்டிகளுக்கு நரம்பு மண்டலக் கட்டிகள் தோன்றின. அக்கட்டிகளிலிருந்து ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகம் 1980-களின் தொடக்கத்தில் எடுத்த மரபணுவே நியு. புரதம் செல்சவ்வைக் கடக்கும் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. செல்லைப் புற்றாக்க அதுவே போதுமானதாக இருந்தது. 1987-இல் மார்பகக் கட்டிகளில் ஒரு பகுதியில் இம்மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருப்பது தெரியவந்தது. 1998-இல் அந்த ஏற்பியைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இயல்பான உடலில் இந்த ஏற்பி, தன் கூட்டாளியான ஹெர்-3 உடன் சேர்ந்து, நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை அமைக்கும் ஷ்வான் செல்களை வளர்க்கிறது. அந்த எலிப் பரிசோதனையிலிருந்து நான் முக்கியமாகக் கருதும் பாடம் காலம் பற்றியது. ஒரே வேதிப்பொருள் தாயின் முதிர்ந்த நியூரான்களை விட்டுவிட்டு, கருவில் பிரிந்துகொண்டிருந்த நரம்பு முன்னோடிச் செல்களைத் தாக்கியது.

காலம் என்ற அந்தக் கருத்து மிகத் தெளிவாகத் தெரிவது சிறுமூளையில். மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை துகள் நியூரான்கள் என்னும் சிறு செல்கள். இவ்வளவு பெரிய எண்ணிக்கையை எட்டுவதற்காக, அவற்றின் முன்னோடிச் செல்கள் சிறுமூளையின் வெளிப்பரப்பில் ஓர் அடுக்காகப் பரவி, பிறப்புக்கு முன்னும் பிறந்த முதல் ஆண்டிலும் வேகமாகப் பிரிகின்றன. பிறகு பிரிவதை நிறுத்தி உள்நோக்கி இறங்கி நியூரான்களாக முதிர்கின்றன. பிரியச் சொல்லும் ஆணை அடுக்கின் கீழே இருக்கும் புர்கின்ஜே நியூரான்கள் சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம். செல்லின் மேற்பரப்பில் பேட்ச்டு என்ற புரதம் ஸ்மூத்தன்டு என்ற மற்றொரு புரதத்தை அடக்கிவைத்திருக்கிறது. ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டுடன் பிணைந்ததும் அந்த அடக்குமுறை தளர்ந்து, பிரிவதற்கான மரபணுக்கள் இயங்குகின்றன.

இப்பாதையின் உறுப்புகளை முதலில் அடையாளம் காட்டியது பழ ஈ. ஹைடல்பெர்கில் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஈக்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பழுதாக்கி, லார்வாவின் உடலமைப்பு எப்படிக் குலைகிறது என்று பார்த்து, 1980-இல் வெளியிட்ட பட்டியலில் ஹெட்ஜ்ஹாக், பேட்ச்டு இரண்டும் இருந்தன. ஒரு லார்வாவின் உடல் முழுவதும் முள் போன்ற பற்கள் நிறைந்திருந்ததால், முள்ளெலியைக் குறிக்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற பெயர் வந்தது. அதில் புற்றுநோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, தோலில் அடித்தளச் செல் புற்றுகள் பலவாகத் தோன்றும் கோர்லின் நோய்க்குறி என்ற பரம்பரை நோயின் காரணத்தைத் தேடியவர்கள், ஒன்பதாவது குரோமோசோமில் மனித பேட்ச்டு மரபணுவின் பழுதைக் கண்டனர். அந்நோயுள்ள குழந்தைகளில் ஒரு சிறு பகுதியினருக்குச் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டியும் தோன்றுகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதான சுண்டெலிகளிலும் அதே கட்டி தோன்றியது. பேட்ச்டு இல்லாதபோது, புர்கின்ஜே நியூரான் ஆணையிட்டதா இல்லையா என்பதே பொருளற்றுப்போகிறது. முன்னோடிச் செல் குழந்தைப் பருவம் கடந்தும் பிரிந்துகொண்டேயிருக்கிறது.

2008-இல் வந்த ஆய்வுகள் இதை மேலும் கூர்மையாக்கின. பேட்ச்டை அல்லது அதே பாதையை மிகத் தொடக்கநிலை மூலச்செல்லில் கெடுத்தாலும் சரி, துகள் நியூரானின் முன்னோடியில் கெடுத்தாலும் சரி, கட்டி உருவாவது அந்தச் செல்வழி, அதாவது அச்செல்லிலிருந்து அடுத்தடுத்துப் பிரிந்து வரும் செல்களின் தொடர், துகள் நியூரான் ஆவது என்று உறுதியான பிறகே. அதே மூலச்செல்லிலிருந்து கிளைத்த பிற செல்வழிகள், அதே பழுதைச் சுமந்தும், கட்டியாகவில்லை. ஆகவே மரபணுவின் பழுது பாதிக் கதை மட்டுமே. அந்தப் பழுதுக்குச் செவிசாய்க்கக்கூடிய செல் எது, அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது மறுபாதி. இதை அறிய நரம்பு வளர்ச்சியின் வரைபடம் கையில் இருந்தாக வேண்டும். மெடுல்லோபிளாஸ்டோமாவை இன்று விண்ட், ஹெட்ஜ்ஹாக், மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று வகைப்படுத்துவதும் இந்த அறிவின் பயனே. நுண்ணோக்கியில் ஒத்துத் தோன்றினாலும், விண்ட் வகைக் கட்டி சிறுமூளையின் துகள் முன்னோடிகளிலிருந்து வருவதில்லை. மூளைத்தண்டின் பின்புறச் செல்களிலிருந்து வருகிறது. அவ்வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் சிகிச்சையால் குணமடைகின்றனர். வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு, யாருக்கு அதைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரு வகைப்பாட்டின் மதிப்பு விளங்கும்.

நியூரோபிளாஸ்டோமா இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. கருவில் நரம்பு முகடு என்னும் முன்னோடித் திசுவிலிருந்து புறப்பட்டு, நெடுந்தொலைவு நகர்ந்து, பரிவு நரம்பு முடிச்சுகளாகவும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகவும் ஆக வேண்டிய செல்கள் வழியில் முதிராமல் நின்றுவிடுவதால் வரும் குழந்தைப்பருவக் கட்டி இது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நோயாளிகளின் கட்டிகளில் மைக்-என் என்ற மரபணு பல மடங்கு பெருகியிருக்கும். 1980-களின் முற்பகுதியிலேயே கண்டறியப்பட்ட இந்தப் பெருக்கம் நோய் தீவிரமாக இருக்கும் என்பதற்கு வலுவான அறிகுறி. மைக்-என் இயல்பில் நரம்பு முன்னோடிச் செல்களைப் பிரிநிலையிலேயே வைத்திருப்பது. சுண்டெலியின் நரம்பு முன்னோடிகளில் அதை நீக்கினால் மூளை சிறுத்துவிடுகிறது. மனிதரில் அதன் ஒரு பிரதி செயலிழந்தால் வரும் ஃபீன்கோல்ட் நோய்க்குறியில் தலை சிறுத்தும் விரல்கள் மாறுபட்டும் இருக்கும். மிகுந்தால் கட்டி, குறைந்தால் சிறிய மூளை. ஒரே மரபணுவின் அளவு இரு திசைகளில் பிசகினால் நேர்வன இவை. மூச்சுவிடுதலைத் தானாகக் கட்டுப்படுத்தும் நரம்பு மையம் பிறவியிலேயே குறைபட்டு, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் குழந்தைகளில் ஃபாக்ஸ்-2பி என்ற மரபணு பழுதாகியிருக்கும். அவர்களுள் சிலருக்கு நியூரோபிளாஸ்டோமாவும் வருகிறது. தன்னியக்க நரம்பு மண்டலத்தை உருவாக்கும் மரபணு அது என்று தெரிந்தால், மருத்துவமனையின் இரு வேறு பிரிவுகளுக்குச் செல்லும் இந்த இரண்டு நோய்களும் ஒரே இடத்தில் வேர்கொண்டிருப்பது புரியும்.

இந்தக் கட்டியில் என்னை எப்போதும் வியக்கவைப்பது, சில கைக்குழந்தைகளில் கல்லீரலுக்கும் தோலுக்கும் எலும்பு மச்சைக்கும் பரவிய பிறகும் அது தானாகவே சுருங்கி மறைந்துவிடுவது. வளரும் நரம்பு மண்டலத்தில் நியூரான்கள் தேவைக்கு மேல் உருவாகி, நரம்பு வளர்ச்சிக் காரணி கிடைக்காதவை மடிந்துவிடுவது இயல்பு. முன்பு சொன்ன டிரக் ஏற்பியை மிகுதியாகக் கொண்ட நியூரோபிளாஸ்டோமாக்கள் நல்ல முடிவையே எட்டுகின்றன என்று 1993-இல் காட்டப்பட்டது. குடல் கட்டியில் தீமை செய்த அதே ஏற்பி இங்கே நன்மைக்கு அறிகுறியாகிறது. காரணி கிடைத்தால் முதிர்ந்துவிடு, கிடைக்காவிட்டால் மடிந்துவிடு என்ற கருவின் பழைய விதிக்கு அந்தக் கட்டிச்செல்கள் இன்னும் கட்டுப்பட்டிருப்பதால்தான் அவை மறைகின்றன என்று கருதப்படுகிறது. ஜப்பானில் கைக்குழந்தைகள் அனைவரின் சிறுநீரையும் சோதித்து இக்கட்டியை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. தானாக மறைந்திருக்கக்கூடிய கட்டிகள் ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டுத் தேவையற்ற சிகிச்சைக்கு உள்ளாயின என்பது தெளிவானதும் 2000-களின் முற்பகுதியில் அது நிறுத்தப்பட்டது. தீவிரமான வகைக்கோ, கீமோதெரபிக்குப் பிறகு எஞ்சும் செல்களை முதிரவைக்க வைட்டமின்-ஏயின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலம் தரப்படுகிறது. கருவில் நியூரான்களை முதிரச் செய்யும் சமிக்ஞைகளுள் அதுவும் ஒன்று.

கட்டி என்ற எல்லைக்குள் அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலாம் வகை நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் பரம்பரை நோய். அவர்களுள் பாதிப்பேருக்குப் பெற்றோரிடமிருந்து வராமல் புதிய பிறழ்வாக நேர்கிறது. 1990-இல் கண்டறியப்பட்ட அதன் மரபணு, ராஸ் என்ற சமிக்ஞைப் புரதத்தை அணைத்துவைக்கும் புரதத்தை உருவாக்குகிறது. ஷ்வான் செல்லில் இரண்டாவது பிரதியும் போய்விட்டால் நரம்புகளின் மீது கட்டிகள் வளர்கின்றன. ஆனால் இக்குழந்தைகளுள் பலருக்குக் கற்றலிலும் கவனத்திலும் சிரமம் இருக்கிறது; அதற்கு மூளையில் கட்டி தேவையில்லை. ஒரு பிரதி குறைந்த சுண்டெலிகளில், ராஸ் மிகுதியாக இயங்குவதால் நியூரான்களிடையே தடுப்புச் சமிக்ஞை கூடி, கற்கும் திறன் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். இந்நோயை ஆராயும் ஒருவர் புற்றுநோயியலாளரா, நரம்பியலாளரா என்று கேட்டால் அவரால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க இயலாது. ராஸ் பாதையின் கீழ்ப்பகுதியைத் தடுக்கும் செலுமெடினிப் மருந்து, அறுவையால் நீக்க முடியாத நரம்புக் கட்டிகளுள்ள குழந்தைகளுக்காக 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இத்துறையில் சேர நினைப்பவர் நாளும் செய்யும் வேலையும் இரண்டையும் சார்ந்தே இருக்கும். குறிப்பிட்ட செல்வழியில், குறிப்பிட்ட நாளில் மட்டும் ஒரு மரபணு நீங்கும்படி சுண்டெலிகளை உருவாக்குதல், கருவின் மூளையைச் செல் செல்லாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கட்டியின் செல்களோடு ஒப்பிடுதல், பழ ஈயின் நரம்பு மூலச்செல் சமமின்றிப் பிரியும் விதத்தைக் கெடுத்துக் கட்டி வளர்வதைப் பார்த்தல் ஆகியவை அவற்றுள் சில. கட்டியின் செல் எந்தக் கருநாளில் நின்றுபோனது என்று இன்று ஓரளவு சொல்ல முடிவது இத்தகைய ஒப்பீட்டால்தான். 2019-இல் வெளிவந்த ஆய்வுகள், மூளையின் கிளையோமா கட்டிச் செல்களுடன் நலமான நியூரான்கள் மெய்யான சினாப்ஸ்களையே, அதாவது நியூரான்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை கடத்தும் இணைப்புகளையே, அமைத்துக்கொள்கின்றன என்றும், அந்த மின்சமிக்ஞை கட்டியை வளர்க்கிறது என்றும் காட்டின. நரம்பு மண்டலம் தன்னை அமைத்துக்கொள்ளும் முறையையே கட்டி பயன்படுத்துகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இந்த உறவுக்கு ஒரு விலையும் உண்டு; மருந்து தேடுபவர் அதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. தாய் ஆடுகள் மேய்ந்த காட்டு லில்லிச் செடி ஒன்றில் இருந்த சைக்ளோபமைன் அதற்குக் காரணம் என்று கண்டனர். அது ஸ்மூத்தன்டைத் தடுப்பதால் ஹெட்ஜ்ஹாக் பாதை அடைபட்டு, கருவின் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போகிறது என்பது 1990-களின் இறுதியிலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் விளங்கியது. அதே இலக்கைத் தாக்கும் விஸ்மோடெகிப் 2012-இல் அடித்தளச் செல் புற்றுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. ஹெட்ஜ்ஹாக் வகை மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் அது கட்டியைச் சுருக்கியது. 2009-இல் வெளியான முதல் நோயாளியின் வரலாற்றில், உடலெங்கும் பரவிய கட்டிகள் வியக்கத்தக்க வேகத்தில் கரைந்து, சில மாதங்களில் ஸ்மூத்தன்டிலேயே புதிய பிறழ்வோடு திரும்பி வந்தன. வளரும் குழந்தைகளிலோ இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. எலும்பு நீள்வதற்கு உதவும் குருத்தெலும்புத் தட்டுகளும் ஹெட்ஜ்ஹாக் குடும்பத்தையே நம்பியிருப்பதால், மருந்து பெற்ற சில குழந்தைகளில் அத்தட்டுகள் உரிய காலத்துக்கு முன்பே மூடி, உயரம் நின்றுபோயிற்று; மருந்தை நிறுத்திய பிறகும் அது மீளவில்லை. இதனால் மெடுல்லோபிளாஸ்டோமா சோதனைகளில் இவ்வகை மருந்துகளை எலும்பு வளர்ச்சி நிறைவடைந்த நோயாளிகளுக்கு மட்டுமே அளிக்கும் வகையில் விதிகளைத் திருத்தினார்கள்.